ஆம்னி பேருந்துகளின் தீயணைப்பு அமைப்பும் திரும்பப் பெறும் அறிவிப்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூர், புதுச்சேரி வட்டாரத்தில் ஆம்னி பேருந்து, சுற்றுலாப் பேருந்து, தொழிற்சாலை ஊழியர் பேருந்து ஆகியவற்றை வைத்திருப்போருக்காகவும் ஓட்டுவோருக்காகவும், கோயில் பயணத்துக்கோ திருமணத்துக்கோ பேருந்தை வாடகைக்கு எடுப்போருக்காகவும் இந்தப் பக்கம் எழுதப்பட்டுள்ளது. பேருந்தில் பொருத்தப்பட்ட தீயணைப்பு அமைப்பில் குறை இருப்பதாகத் தயாரிப்பு நிறுவனமோ அரசோ கண்டறிந்து, அந்த வண்டிகளைச் சரிசெய்யத் திரும்ப அழைக்கும்போது எழும் கேள்விகளுக்கு இங்கே பதில் தரப்பட்டுள்ளது. ஒவ்வோர் அறிவிப்பும் தனக்கென்று சில நிபந்தனைகளைக் கொண்டிருக்கும். ஆகவே உங்கள் கையில் உள்ள கடிதத்தையும் இந்தப் பதில்களையும் சேர்த்தே படியுங்கள்.

திரும்பப் பெறும் அறிவிப்பு என்பது என்ன? அதற்குச் சட்டத்தில் இடம் உண்டா?

ஒரு வகை வண்டியிலோ அதன் பாகத்திலோ மென்பொருளிலோ உள்ள குறை சாலைப் பாதுகாப்புக்கு ஆபத்தாகும் என்று தெரியவந்தால், அந்தக் குறை உள்ள எல்லா வண்டிகளையும் அழைத்து, உரிமையாளரிடம் பணம் வாங்காமல் சரிசெய்து கொடுப்பதே திரும்பப் பெறுதல். இந்தியாவில் 2012 முதல் வாகனத் தயாரிப்பாளர் சங்கத்தின் தன்னார்வ நெறிமுறையின்படி இது நடந்துவந்தது. 2019ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம், 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தில் 110ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. அந்தப் பிரிவும் அதற்கான விதியும் 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளன.

அந்தப் பிரிவின்படி, குறிப்பிட்ட விகிதத்தில் உரிமையாளர்கள் புகார் அளித்தாலோ, சோதனை நிறுவனம் தெரிவித்தாலோ, வேறு வழியில் தகவல் வந்தாலோ, மத்திய அரசு திரும்பப் பெறுமாறு உத்தரவிடலாம். குறை ஒரு பாகத்தில் இருந்தால், அந்தப் பாகம் பொருத்தப்பட்ட வண்டிகள் எந்த நிறுவனத்தின் எந்த மாடலாக இருந்தாலும் அவை அனைத்தையும் அழைக்கச் சொல்லலாம். தீயணைப்பு அமைப்பைப் பொறுத்தவரை இது மிக முக்கியமான ஏற்பாடு. ஏனெனில் ஒரே நிறுவனம் தயாரித்த சிலிண்டரும் கட்டுப்பாட்டுப் பெட்டியும் பல நிறுவனங்களின் சேஸிஸ்களில் (எஞ்சினும் சக்கரங்களும் கொண்ட அடிச்சட்டம்) பொருத்தப்பட்டிருக்கக்கூடும்.

தயாரிப்பாளர் தாமாகவே குறையைக் கண்டறிந்து அரசுக்குத் தெரிவித்து நடவடிக்கையைத் தொடங்கினால் அபராதம் இல்லை. அரசு கட்டாயப்படுத்தி உத்தரவிடும் நிலை வந்தால் 10 லட்சம் ரூபாயிலிருந்து 1 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க விதிகளில் இடம் உண்டு. கட்டாய உத்தரவு, தயாரித்து 7 ஆண்டுகள் நிறையாத வண்டிகளுக்கே பொருந்தும் என்பதைப் பழைய வண்டி வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டும். அமெரிக்காவில் 15 ஆண்டுகள் வரையிலான வண்டிகளுக்குக் கட்டணமின்றிச் சரிசெய்து தரும் கடமை உள்ளது. ஒரு ஆம்னி பேருந்து பல கை மாறி நெடுங்காலம் ஓடும் நம் நாட்டில், 7 ஆண்டு வரம்பு போதாது என்பது என் உறுதியான கருத்து.

பேருந்தில் தீயணைப்பு அமைப்பு எங்கே இருக்கிறது? அது எப்படி வேலை செய்கிறது?

ஓட்டுநர் இருக்கைக்கு அருகில் மாட்டியிருக்கும் சிவப்பு நிறக் கைத் தீயணைப்பான் வேறு. இங்கே பேசப்படும் அமைப்பு வேறு. இது எஞ்சின் அறைக்குள் நிரந்தரமாகப் பொருத்தப்பட்டு, மனிதர் கை படாமலேயே தீயைக் கண்டறிந்து அணைக்க வேண்டிய அமைப்பு. அதில் நான்கு பகுதிகள் உண்டு: வெப்பத்தை உணரும் குழாய் அல்லது கம்பி, அணைக்கும் பொருள் அடைத்த சிலிண்டர், அந்தப் பொருளைப் பீய்ச்சும் நாசில்கள், டேஷ்போர்டில் விளக்கும் ஒலியுமாக எச்சரிக்கும் பெட்டி.

பரவலாக உள்ள ஒரு வகையில், அழுத்தமான நைட்ரஜன் நிரப்பிய மெல்லிய பிளாஸ்டிக் குழாய் டர்போ, ஆல்டர்னேட்டர், டீசல் குழாய்கள் ஆகியவற்றின் மேலாகச் சுற்றிச் செல்லும். தீப்பிடிக்கும் இடத்தில் அந்தக் குழாய் இளகி வெடிக்கிறது, அழுத்தம் இறங்குகிறது, அந்த இறக்கமே சிலிண்டரின் வால்வைத் திறந்துவிடுகிறது. மின்சாரமே தேவைப்படாத ஏற்பாடு அது. இன்னொரு வகையில், வெப்பத்தில் உருகும் உறை போட்ட இரண்டு கம்பிகள் ஒன்றோடொன்று தொட்டவுடன் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குச் செய்தி போய், அது மின்சாரத்தின் மூலம் சிலிண்டரைத் திறக்கும். சிலிண்டருக்குள் உலர்ந்த பொடியோ, சேர்மானம் கலந்த நீரை மூடுபனியாகத் தெளிக்கும் ஏற்பாடோ இருக்கும்.

எந்தப் பேருந்துகளில் இது இருக்க வேண்டும்?

இந்தியாவில் ஏ.ஐ.எஸ். 135 என்ற வாகனத் தொழில் தரநிலை இதற்கானது. முதலில் எஞ்சின் அறைத் தீக்கு மட்டுமே அது வகுக்கப்பட்டிருந்தது. சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2022 ஜனவரி 27 தேதியிட்ட அறிவிப்பின் மூலம், தொலைதூரப் பயணத்துக்கான மூன்றாம் வகைப் பேருந்துகளிலும் பள்ளிப் பேருந்துகளிலும் பயணிகள் அமரும் பகுதிக்கும் தீ எச்சரிக்கை, தீப் பாதுகாப்பு அமைப்புகளைக் கொண்டுவந்தது. பயணிகளுக்கு ஏற்படும் காயங்கள் பெரும்பாலும் வெப்பத்தாலும் புகையாலும் நேர்கின்றன என்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம். நீர் மூடுபனியைத் தெளித்து உள்ளே வெப்பத்தை 50 டிகிரிக்குள் வைத்திருந்தால், பயணிகள் இறங்குவதற்குக் கூடுதல் நேரம் கிடைக்கும். அந்தத் தரநிலைத் திருத்தத்தில் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான டி.ஆர்.டி.ஓ.வின் தீப் பாதுகாப்பு மையமும் பங்கெடுத்தது. உங்கள் வண்டி எந்த வகை என்பது அதன் தயாரிப்பு ஆவணங்களில் இருக்கும்.

என்னென்ன குறைகளுக்காக இந்த அமைப்பைத் திரும்ப அழைப்பார்கள்?

குறைகள் இரண்டு குணத்தவை. எந்த வகை என்பதைப் பொறுத்தே நீங்கள் செய்ய வேண்டியதும் மாறும்.

முதல் வகை, தேவைப்படும் நேரத்தில் வேலை செய்யாமல் போவது. சிலிண்டர் வால்வில் உள்ள ஓரிங் என்ற ரப்பர் வளையம் சுருங்கி அழுத்தம் மெதுவாகக் கசிந்துவிடலாம். வால்வைத் திறக்க வேண்டிய சிறு மின் தூண்டி தரமற்றதாக இருக்கலாம். ஓயாத அதிர்வில் பொடி அடியில் படிந்து கட்டியாகிவிடலாம். அப்படியானால் வாயு வெளியேறும், பொடி வராது. நாசிலின் மூடி திறக்காமல் இறுகிவிடலாம். கட்டுப்பாட்டுப் பெட்டியின் மென்பொருள், கம்பி அறுந்ததைக் கூட ‘எல்லாம் சரி’ என்று காட்டலாம்.

இரண்டாம் வகை, அந்த அமைப்பே ஆபத்தை உண்டாக்குவது. வயரிங் உலோக விளிம்பில் உரசி உறை கிழிந்து மின்கசிவு ஏற்பட்டால், தீயை அணைக்க வைத்த பொருளே தீக்குக் காரணமாகிவிடும். சிலிண்டரைத் தாங்கும் கிளாம்ப் விரிசல் விட்டால், அழுத்தம் நிறைந்த கனமான சிலிண்டர் ஓடும் வண்டியிலிருந்து கழன்று விழலாம். தேவையில்லாத நேரத்தில் அமைப்பு தானாக இயங்கிவிடுவதும் இதில் அடங்கும். முன்பக்கம் எஞ்சின் உள்ள வண்டியில் இப்படி நடந்தால், பொடிப்புகை ஓட்டுநரின் கண்ணையும் மூச்சையும் அடைத்துவிடும்.

உங்களுக்கு வந்த கடிதத்தில் குறையை விவரிக்கும் பத்தியை எடுத்து, அது இந்த இரண்டில் எது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். ஆங்கிலத்தில் சட்ட நடையில் எழுதியிருப்பதால் புரியவில்லை என்றால், டீலரின் சர்வீஸ் மேலாளரிடம் “தேவைப்படும்போது வேலை செய்யாதா, அல்லது இதுவே தீயை உண்டாக்குமா?” என்று நேராகக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

டேஷ்போர்டில் பச்சை விளக்கு எரிகிறது. சிலிண்டர் கேஜின் முள்ளும் பச்சையில் நிற்கிறது. பிறகு என்ன குறை இருக்க முடியும்?

உரிமையாளர்கள் அதிகம் கேட்கும் கேள்வியும், பலரை ஏமாற்றிவிடும் எண்ணமும் இதுவே. பிரேக் தேய்ந்தால் ஓட்டுநரின் காலுக்குத் தெரியும். கிளட்ச் போனால் ஏற்றத்தில் தெரியும். ஏ.சி. பழுதானால் அடுத்த நிமிடம் பயணிகள் சொல்லிவிடுவார்கள். தீயணைப்பு அமைப்பின் பழுது இப்படி எதிலும் வெளிப்படாது. அது வேலை செய்யுமா என்பது தீப்பிடிக்கும் அந்த ஒரு நேரத்தில்தான் தெரியும், அப்போது சரிசெய்ய அவகாசம் இருக்காது.

கேஜின் முள் வாயுவின் அழுத்தத்தைத்தான் சொல்கிறது. பொடி கட்டியாகியிருப்பதை அது சொல்லாது. அந்த முள் சுற்றுப்புற வெப்பத்துக்கேற்ப ஏறி இறங்கும். எனவே மே மாத நண்பகலில் நெய்வேலி வளாகத்துக்கு வெளியே நிற்கும் வண்டியில் பச்சையில் தெரிகிற முள், மார்கழி விடியலில் பச்சைக்குக் கீழே இறங்கியிருக்கக்கூடும். எஞ்சின் குளிர்ந்திருக்கும் விடியலில் பார்ப்பதே நம்பத் தக்கது. பச்சை விளக்கும் அப்படியே: கட்டுப்பாட்டுப் பெட்டி தனக்குச் சொல்லிக்கொடுத்த சோதனைகளை மட்டும் செய்து அந்த விளக்கை எரிய வைக்கிறது. குறை அந்தப் பெட்டியிலேயே இருந்தால், பச்சை விளக்கைச் சான்றாகக் கொள்ளவே முடியாது. ஆகவே உங்கள் வண்டியின் எண் திரும்பப் பெறும் பட்டியலில் இருந்தால், விளக்கு என்ன நிறத்தில் எரிந்தாலும் அமைப்பு வேலை செய்யாது என்று வைத்துக்கொண்டே முடிவெடுங்கள்.

எனக்குக் கடிதம் எதுவும் வரவில்லை. என் வண்டிக்குக் குறை இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. தயாரிப்பு நிறுவனத்திடம் இருப்பது பெரும்பாலும் வண்டியை முதலில் வாங்கியவரின் முகவரிதான். நம் பகுதியில் ஓடும் பேருந்துகளில் பல, வேறு மாநிலத்தில் பதிவாகி, கை மாறி, மறுபதிவு எண் பெற்று வந்தவை. பி.ஒய். 01 எண்ணோடு புதுச்சேரியில் ஓடும் வண்டி நாளை டி.என். 31 ஆகக் கடலூருக்கு வரலாம். கடிதமோ பழைய உரிமையாளரின் மூடிக்கிடக்கும் அலுவலகத்துக்குப் போய்த் திரும்பியிருக்கும். கடன் கொடுத்த நிதி நிறுவனத்துக்குப் போன தகவல் உங்களை வந்தடையாமலும் இருக்கலாம்.

பதிவு எண் மாறினாலும் சேஸிஸ் எண் மாறாது. ஆர்.சி.யில் உள்ள 17 இலக்கச் சேஸிஸ் எண்ணை எடுத்துக்கொண்டு, தயாரிப்பு நிறுவனத்தின் இணையதளத்திலும், அந்நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டரிலும் சரிபாருங்கள். சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் வாகன் தளத்திலும் திரும்பப் பெறுதலுக்கென்று தனிப் பகுதி உண்டு. குறையைப் பற்றி உரிமையாளர் புகார் பதிவதும் அங்கேதான். எஞ்சின் அறையில் உள்ள சிலிண்டரின் ஸ்டிக்கரையும் கட்டுப்பாட்டுப் பெட்டியின் ஸ்டிக்கரையும் கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள். குறை பாகத்தில் இருக்கும்போது அதன் தயாரிப்பு மாதமும் வரிசை எண்ணும்தான் தேவைப்படும்.

சேஸிஸ் ஒரு நிறுவனத்துடையது. பாடி கரூரில் கட்டியது. யார் பொறுப்பு?

இது எளிதில் தீராத சிக்கல். சேஸிஸ் தயாரிப்பாளரே எஞ்சின் அறையில் அமைப்பைப் பொருத்தி அனுப்பியிருந்தால், அவரே அழைக்க வேண்டும். பயணிகள் பகுதியில் உள்ள எச்சரிக்கைக் கருவிகளையும் நீர் மூடுபனிக் குழாய்களையும் பாடி கட்டிய பட்டறை பொருத்தியிருந்தால், பொறுப்பு அங்கே போகும். சில வண்டிகளில் சேஸிஸ் தயாரிப்பாளர் பொருத்திய உணர்குழாயைப் பாடி கட்டும்போது இடம் மாற்றியிருப்பார்கள்; அந்த நிலையில் ஒருவர் மற்றவரைக் கைகாட்டுவது நடக்கும்.

வண்டி வாங்கியபோது கிடைத்த மூன்று தாள்கள் இதைத் தீர்க்கும்: சேஸிஸ் விற்பனைப் பில், பாடி கட்டிய பட்டறையின் பில், தீயணைப்பு அமைப்பைப் பொருத்தியதற்கான சான்று. இந்த மூன்றில் எதில் சிலிண்டரின் வரிசை எண் எழுதப்பட்டிருக்கிறதோ அந்தத் தாளைக் கொடுத்தவரிடம் முதலில் செல்லுங்கள். மூன்றுமே கையில் இல்லாத இரண்டாம், மூன்றாம் உரிமையாளர், சேஸிஸ் தயாரிப்பாளரிடம் எழுத்துமூலம் கேட்பதுதான் நல்ல தொடக்கம்.

அறிவிப்பு வந்த பிறகு, சரிசெய்யும்வரை வண்டியை ஓட்டலாமா?

கடிதத்தில் “ஓட்ட வேண்டாம்” என்று இருந்தால் அதற்குமேல் பேச்சில்லை. அப்படிச் சொல்லப்படாதபோதுதான் உரிமையாளர் தடுமாறுகிறார். வண்டி நின்றால் கடன் தவணையும் சாலை வரியும் நிற்காது. அந்த நெருக்கடி உண்மையானது. இருந்தும் என் கருத்தை மறைக்காமல் சொல்கிறேன்.

குறை இரண்டாம் வகையைச் சேர்ந்தது என்றால், அதாவது அமைப்பின் வயரிங்கே தீக்குக் காரணமாகலாம் என்றால், ஒரு பயணியைக்கூட ஏற்றக் கூடாது. வண்டியை ஷெட்டுக்குள் மற்ற வண்டிகளோடு ஒட்டி நிறுத்தாமல் திறந்த வெளியில் நிறுத்தி, பேட்டரி கட்-ஆஃப் சுவிட்சை அணைத்துவிட்டு, டீலருக்குத் தகவல் கொடுக்க வேண்டும்.

முதல் வகை என்றால், படுக்கை வசதியுள்ள இரவுப் பேருந்தாக அந்த வண்டியை அனுப்புவது சரியல்ல என்றே கருதுகிறேன். புதுச்சேரியிலிருந்து திண்டிவனம், செஞ்சி, திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி வழியாக பெங்களூரு செல்லும் வண்டியில் நள்ளிரவில் எல்லோரும் திரையை இழுத்து மூடித் தூங்கிக்கொண்டிருப்பார்கள். எஞ்சின் பின்னால் இருந்தால், அங்கே எழும் தீ ஓட்டுநருக்குத் தெரியவே நேரமாகும். செங்கத்துக்கும் ஊத்தங்கரைக்கும் இடையே தீப்பிடித்தால் தீயணைப்பு வண்டி வந்துசேரும்வரை அந்தப் பயணிகளுக்குத் துணையாக இருக்க வேண்டியது வண்டிக்குள் உள்ள அமைப்பு மட்டுமே. அதுவும் சந்தேகத்துக்குரியது என்று தெரிந்த பிறகு வண்டியை அனுப்புவதற்கு எந்த வருமானக் கணக்கும் நியாயம் ஆகாது. வேறு வண்டியை மாற்றி அனுப்புங்கள். வண்டி இல்லையென்றால் டிக்கெட் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள்.

கடலூர் சிப்காட்டுக்குக் காலையும் மாலையும் ஊழியர்களை ஏற்றிச் செல்லும் வண்டியின் நிலை சற்று வேறு: பகல் நேரம், விழித்திருக்கும் பயணிகள், குறைந்த தூரம். அதையும் ஒருசில நாட்களுக்கு மேல் நீட்டிக்காமல், நாள்தோறும் எஞ்சின் அறையைப் பார்த்து, கூடுதல் கைத் தீயணைப்பானோடு ஓட்டலாம். பயணிகளுக்கும் வண்டியை ஒப்பந்தம் எடுத்த நிறுவனத்துக்கும் விஷயத்தைச் சொல்லிவிட்டே ஓட்ட வேண்டும்.

அந்த நாட்களில் எஞ்சின் அறையில் எதைப் பார்க்க வேண்டும்?

தீக்கு மூன்று ஊற்றுகளைத் தேடுங்கள். டர்போவுக்கும் புகைக்குழாய்க்கும் அருகில் டீசலோ எண்ணெயோ கசிந்த ஈரம் இருக்கக் கூடாது. டீசல் தானாகப் பற்றிக்கொள்ளும் வெப்பம் ஏறக்குறைய 210 டிகிரி, சுமையோடு ஓடும் எஞ்சினின் டர்போ அதைவிட மிக அதிகமாகக் கொதிக்கும். ஆல்டர்னேட்டர், ஸ்டார்ட்டர் மோட்டார், பேட்டரி ஆகியவற்றின் கேபிள்கள் எங்கும் உரசாமல் கிளிப் போட்டு இருக்க வேண்டும். பாடி கட்டிய பிறகு ஒலிபெருக்கிக்கும் அலங்கார விளக்குக்கும் கைப்பேசி சார்ஜருக்கும் இழுத்த வயர்களில் உரிய அளவு ஃபியூஸ் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைக் கொண்டு பாருங்கள். எஞ்சினைச் சுற்றி எண்ணெய் ஊறிய துணி, பஞ்சு, அட்டை எதுவும் கிடக்கக் கூடாது. ஒரு துண்டு துணி போதும்.

டீலரிடம் கொண்டு போனால் என்ன நடக்கும்? பணம் கொடுக்க வேண்டுமா?

திரும்பப் பெறும் வேலைக்கு உதிரிபாகக் கட்டணமும் கூலியும் வாங்கக் கூடாது. “வாரண்டி முடிந்துவிட்டது” என்ற பதில் இங்கே பொருந்தாது. வாரண்டி என்பது வேறு, பாதுகாப்புக் குறைக்கான திரும்பப் பெறுதல் வேறு. உதிரிபாகம் வரத் தாமதமாகலாம் என்பதால், முன்கூட்டியே பேசி நாள் வாங்கிக்கொண்டு போவது நல்லது.

வேலை முடிந்ததும் ஜாப் கார்டில் (செய்த வேலையைக் குறித்துத் தரும் தாள்) மூன்று விவரங்களைப் பாருங்கள்: அறிவிப்பின் எண், கழற்றிய பாகத்தின் வரிசை எண், புதிதாகப் பொருத்திய பாகத்தின் வரிசை எண். “சரிபார்க்கப்பட்டது” என்ற ஒற்றைச் சொல்லோடு வரும் ஜாப் கார்டை ஏற்காதீர்கள். எச்சரிக்கை ஒலியை உங்கள் கண்முன் சோதித்துக் காட்டச் சொல்லும் உரிமையும் உங்களுக்கு உண்டு.

அடிக்கடி பொய்யாக அலறுகிறது. பட்டறையில் சொல்லி இணைப்பைக் கழற்றிவிடலாமா?

அருள்கூர்ந்து கழற்றாதீர்கள். பொய் அலறல் எரிச்சலூட்டும், பயணிகளை அச்சுறுத்தும், உண்மைதான். ஆனால் அந்தப் பொய் அலறலே திரும்பப் பெறும் அறிவிப்பில் சொல்லப்பட்ட குறையின் அறிகுறியாக இருக்கலாம். ஃபியூஸைப் பிடுங்கிய வண்டியை டீலரிடம் கொண்டு போனால், குறை பாகத்தில் இருந்ததா, பட்டறை வேலையால் வந்ததா என்ற வாதத்தில் உங்கள் பக்கம் வலுவிழந்துவிடும். சிலிண்டரைப் பழக்கமில்லாத மெக்கானிக் கழற்றுவது அவருக்கே ஆபத்து. அழுத்தத்தில் உள்ள வால்வு ஸ்பேனர் பட்டுத் திறந்துகொண்டால் கண்ணும் முகமும் காயப்படும்.

கடற்காற்றும் வெள்ளமும் இந்த அமைப்பைக் கெடுக்குமா?

கெடுக்கும். கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி இரவு முழுவதும் நிற்கும் வண்டிகளில் உப்புக்காற்று இரும்புக் கிளாம்ப்பையும், மின் இணைப்பு முனைகளையும், நாசில் வாயையும் அரிக்கும். முனைகளில் பச்சையாகப் பூத்திருந்தால் அந்த இணைப்பு நம்பத் தக்கதல்ல. உள்நாட்டு ஊர்களுக்கென்று எழுதப்பட்ட பராமரிப்பு இடைவெளியை நம் ஊருக்குக் குறைத்துக்கொள்வதே சரி.

2024 நவம்பர் 30 அன்று கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயலில் புதுச்சேரியும் கடலூர், விழுப்புரம் மாவட்டங்களும் வெள்ளத்தில் மிதந்தன. அப்போது இடுப்பளவு நீரில் நின்ற பேருந்தை வாங்கியிருந்தால், தீயணைப்புக் கட்டுப்பாட்டுப் பெட்டியையும் அதன் இணைப்புகளையும் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். எஞ்சினைச் சரிசெய்து ஓட விட்டவர்கள் இந்தப் பெட்டியைத் தொட்டிருக்க மாட்டார்கள். வெள்ளத்தால் வந்த பழுது திரும்பப் பெறும் அறிவிப்பில் அடங்காது; அதைச் சொந்தச் செலவிலோ காப்பீட்டிலோதான் செய்ய வேண்டியிருக்கும்.

குறையைச் சரிசெய்துவிட்டால் பேருந்து எல்லாத் தீயிலிருந்தும் காக்கப்படுமா?

இல்லை. எஞ்சின் அறை அமைப்பு எஞ்சின் அறைக்குத்தான். 2005 செப்டம்பர் 23 அன்று அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் வில்மர் என்ற ஊருக்கு அருகே, ரீட்டா புயலுக்கு அஞ்சி முதியோரை வெளியேற்றிச் சென்ற பேருந்து எரிந்து 23 பேர் இறந்தனர். விசாரணையில், பின் அச்சுச் சக்கரத்தின் பேரிங்கில் போதிய மசகு இல்லாமல் வெப்பம் ஏறி டயர் பற்றிக்கொண்டது தெரிந்தது. நடக்க இயலாத பயணிகளை இறக்குவதற்குள் புகை உள்ளே நிறைந்துவிட்டது. சக்கரத்தில் தொடங்கிய அந்தத் தீயை எஞ்சின் அறை நாசில்கள் எட்டியிருக்க முடியாது.

2013 அக்டோபர் 30 அன்று பெங்களூருவிலிருந்து ஹைதராபாத் சென்ற பேருந்து, மகபூப்நகர் மாவட்டம் பாலெம் அருகே சிறுபாலத்தில் மோதி, டீசல் டேங்க் உடைந்து எரிந்ததில் 45 பேர் மாண்டனர். அத்தகைய தீயில் உயிரைக் காப்பவை திறக்கக்கூடிய அவசர வழி, கைக்கு எட்டும் சுத்தியல், மறிக்கப்படாத நடைபாதை ஆகியவைதான். ஆகவே இந்த அமைப்பைச் சரிசெய்ய வண்டியை நிறுத்தும் நாளிலேயே சக்கர பேரிங், பிரேக், அவசர வாசல் ஆகியவற்றையும் பார்த்துவிடுங்கள்.

கைத் தீயணைப்பான்களும் திரும்பப் பெறப்படுமா?

பெறப்பட்டிருக்கின்றன. 2017 நவம்பரில் கிட்டி நிறுவனம், பிளாஸ்டிக் கைப்பிடி கொண்ட தீயணைப்பான்களை அமெரிக்காவில் ஏறக்குறைய 3 கோடியே 78 லட்சமும் கனடாவில் 27 லட்சமும் திரும்பப் பெற்றது. அடைப்பு ஏற்பட்டு இயங்காமல் போவதும், நாசில் கழன்று பறப்பதும் குறைகளாகச் சொல்லப்பட்டன. 2014இல் ஒரு கார் விபத்துத் தீயில் அவை இயங்காமல் ஓர் உயிர் போயிருந்தது. அந்தப் பட்டியலில் 1973இல் தயாரித்தவையும் இருந்தன என்பதைக் கவனியுங்கள். அத்தனை ஆண்டுகள் அவை சுவரிலும் வண்டியிலும் நல்லவை போலவே தொங்கிக்கொண்டிருந்தன. உங்கள் பேருந்தில் உள்ள கைத் தீயணைப்பானின் நிறுவனப் பெயர், மாடல், மறுநிரப்பு நாள் ஆகியவற்றையும் ஏட்டில் எழுதி வையுங்கள்.

எச்சரிக்கை ஒலித்தால் ஓட்டுநரும் கிளீனரும் என்ன செய்ய வேண்டும்?

குறை உள்ள வண்டி என்பதால் ‘பொய் அலறலாக இருக்கும்’ என்று எண்ணி ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டக் கூடாது. இடப்பக்கம் ஒதுங்கி நிறுத்தி, எஞ்சினை அணைத்து, கை பிரேக் போட்டுக் கதவைத் திறக்க வேண்டும். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தால் அதன் விசிறி அணைக்கும் பொடியை வெளியே அடித்துத் தள்ளிவிடும். காற்றழுத்தக் கதவு திறக்கவில்லை என்றால் அவசர வால்வைத் திருப்ப வேண்டும். அது எங்கே இருக்கிறது என்பதைக் கிளீனரும் பகலிலேயே தொட்டுப் பழகியிருக்க வேண்டும். முதலில் ஆட்களை இறக்குங்கள். பெட்டி, பைகளை எடுக்க எவரையும் திரும்ப ஏற விடாதீர்கள். இறங்கியவர்களைக் காற்று வீசும் திசைக்கு எதிராக, சாலையின் நடுவுக்கு வராமல் தள்ளி நிறுத்துங்கள். 101 அல்லது 112, தேசிய நெடுஞ்சாலையில் என்றால் 1033 எண்ணையும் அழையுங்கள்.

எஞ்சின் அறைக் கதவை அகலத் திறக்காதீர்கள். காற்றுப் புகுந்ததும் தீ மேலெழும். சிறு இடைவெளி வழியாகக் கைத் தீயணைப்பானைப் பயன்படுத்துங்கள், அதுவும் எல்லோரும் இறங்கிய பிறகு. தீ அணைந்ததுபோல் தெரிந்தாலும் மீண்டும் ஸ்டார்ட் செய்யக் கூடாது. கொதிக்கும் உலோகத்தில் எண்ணெய் பட்டு மறுபடி பற்றிக்கொள்ளும்.

பயணியாக, வாடகைக்கு எடுப்பவராக, நான் என்ன கேட்கலாம்?

வாடகை பேசும்போதே, “இந்த வண்டிக்கு நிலுவையில் உள்ள திரும்பப் பெறும் அறிவிப்பு உண்டா? தீயணைப்பு அமைப்பைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?” என்று கேளுங்கள். பராமரிப்பைக் கவனிக்கும் உரிமையாளர் இந்தக் கேள்வியால் கோபப்பட மாட்டார். ஜாப் கார்டை எடுத்துக் காட்டுவார். ஏறியதும் அவசர வாசலுக்கு முன்னால் கூடுதல் இருக்கையோ மூட்டையோ இருக்கிறதா என்று பாருங்கள். குழுவில் முதியோரும் குழந்தைகளும் இருந்தால் அவர்களை முன்வாசலுக்கு அருகில் அமர்த்துங்கள்.

வண்டிக்கு எஃப்.சி. கிடைத்திருக்கிறதே, அது போதாதா?

தகுதிச் சான்று அன்றைய ஆய்வில் கண்ணுக்குத் தெரிந்த நிலைக்கானது. 8 ஆண்டுகள் வரை 2 ஆண்டுகளுக்கு ஒரு முறையும் அதன்பின் ஆண்டுதோறும் அது புதுப்பிக்கப்படுகிறது. அச்சான்று கிடைத்த மறுவாரம் கூட ஒரு குறை அறிவிக்கப்படலாம். சிலிண்டருக்குள் கட்டியான பொடியை ஆய்வாளர் வெளியிலிருந்து காண இயலாது.

மின்சாரப் பேருந்துக்கும் இவை பொருந்துமா?

திரும்பப் பெறும் சட்டம் பொருந்தும். தீயின் இயல்பு வேறு. பேட்டரிக்குள் எழும் தீயைப் பொடியால் முழுவதும் அடக்க முடியாது. மணிக்கணக்கில் நீரால் குளிர்விக்க வேண்டியிருக்கும். ஓட்டுநர் செய்ய வேண்டிய முதல் வேலை அங்கேயும் ஆட்களை இறக்குவதே.

நிறுவனம் சரிசெய்ய மறுத்தாலோ இழுத்தடித்தாலோ எங்கே போவது?

முதலில் சேஸிஸ் எண்ணையும் அறிவிப்பு எண்ணையும் குறிப்பிட்டு நிறுவனத்தின் வாடிக்கையாளர் பிரிவுக்கு மின்னஞ்சலும் பதிவுத் தபாலும் அனுப்புங்கள். வாய்மொழியாகப் பேசிய எதற்கும் பின்னால் மதிப்பு இருக்காது. பிறகு வாகன் தளத்தில் புகாரைப் பதிவு செய்யுங்கள். சட்டத்தின்படி, குறிப்பிட்ட அளவு புகார்கள் சேர்ந்தால்தான் உரிமையாளர் புகாரின் அடிப்படையில் அரசு நடவடிக்கை தொடங்கும். பேருந்துகள் கார்களைப் போல லட்சக்கணக்கில் விற்பவை அல்ல என்பதால், ஒவ்வொரு உரிமையாளரின் புகாருக்கும் எடை அதிகம். ஒரே மாடல் வைத்திருக்கும் கடலூர், பண்ருட்டி, சிதம்பரம், புதுச்சேரி, காரைக்கால் உரிமையாளர்கள் ஒருவரோடொருவர் பேசி, அவரவர் பெயரில் தனித்தனியாகப் பதிவது பயன் தரும்.

நுகர்வோர் ஆணையத்தைப் பொறுத்தவரை, வணிக நோக்கில் வாங்கியவர் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் நுகர்வோர் ஆகமாட்டார். ஆனால் சொந்தப் பிழைப்புக்காகச் சுயதொழிலாக ஒரு வண்டி வாங்கி ஓட்டுபவருக்கு அந்தச் சட்டம் விலக்கு அளிக்கிறது. கொடுத்த தொகை 50 லட்சம் ரூபாய் வரை என்றால் மாவட்ட ஆணையத்திலும், அதற்கு மேல் 2 கோடி வரை என்றால் மாநில ஆணையத்திலும் முறையிடலாம். 1915 என்ற தேசிய உதவி எண்ணில் தொடக்க ஆலோசனை கிடைக்கும். வழக்குக்குப் போகும் எண்ணம் இருந்தால், குறையுள்ள சிலிண்டரையோ பெட்டியையோ எவரிடமும் ஒப்படைக்கும் முன் அதன் வரிசை எண் தெரியும்படி படம் எடுத்து, பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்தையும் வாங்கிக்கொள்ளுங்கள்.